ஆர்டர் கூலியும் நீளும் வேலைநாளும்

செயலி வழியாக உணவும் மளிகையும் பார்சலும் கொண்டுசேர்க்கும் டெலிவரித் தொழிலாளர்களுக்கு இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் வேலைநேர வரம்பு கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வகுத்தது. கடைச் சிப்பந்திக்கு 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 8 மணி என்றது. பேருந்து, லாரி ஓட்டுபவர்களுக்காக 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது; அதிலும் 8 மணிதான். அதே சாலையில் முதுகில் பையோடு இரு சக்கர வண்டியில் போகிறவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாமல் போயிற்று. நிறுவனங்கள் அவரைத் தொழிலாளி என்று ஏற்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. விரும்பியபோது லாகின் செய்து, விரும்பியபோது வெளியேறுபவருக்கு வரம்பு எதற்கு என்பது அவற்றின் வாதம். ஆனால் முழுநேரமாக இதை நம்பியிருப்பவர்களின் வேலைநாள் 10 மணியைத் தாண்டுவதற்கான முதன்மைக் காரணம் விருப்பத்தில் இல்லை. கூலி கணக்கிடப்படும் முறையிலேயே அது இருக்கிறது.

நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், அதாவது நிரந்தர வேலையில் இல்லாமல் பணிக்குப் பணி கூலி பெறுபவர்கள், இருந்ததாக மதிப்பிட்டது. 2029-30-இல் இந்த எண்ணிக்கை 2.35 கோடி ஆகும் என்பது அதன் கணிப்பு. டாக்சி ஓட்டுநர், வீட்டுச் சேவை செய்பவர், இணையத்தில் பணி செய்பவர் எல்லோரும் இதில் அடக்கம்; தெருவில் அதிகம் கண்ணில் படுபவர்கள் டெலிவரிக்காரர்கள். பத்தாண்டுகளுக்கு முன் பெருநகரங்களில் மட்டும் இருந்த உணவுச் செயலிகள் இன்று மாவட்டத் தலைநகரங்களையும் தாண்டிச் சிறு நகரங்களுக்குள் வந்துவிட்டன. வேலை தேடி ரயிலேறிச் சென்னைக்குப் போகும் இளைஞருக்குப் போன மறுநாளே கிடைக்கக்கூடிய வேலையும் இதுவே. வண்டி, உரிமம், ஸ்மார்ட்போன், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். சிபாரிசு வேண்டாம், முன்பணம் அதிகம் வேண்டாம். இந்தத் தொழிலின் உண்மையான பலம் இது. அதனால்தான் இத்தனை லட்சம் பேர் இதற்குள் வந்தார்கள்.

எத்தனை மணி நேரம்

2024 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, எட்டு நகரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சி ஓட்டுநர்களையும் டெலிவரித் தொழிலாளர்களையும் விசாரித்தது. ‘பைகாம்’ என்ற அமைப்பும் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது அது. டெலிவரித் தொழிலாளர்களில் 78 விழுக்காட்டினர் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். செலவு போக மாதம் 10,000 ரூபாய்க்கும் குறைவாகவே கையில் நிற்கிறது என்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் கழகம் 28 நகரங்களில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு ‘நீண்ட ஷிப்ட்’ என்று எடுத்துக்கொண்டதே சுமார் 11 மணி நேரத்தைத்தான். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், அந்த நீண்ட ஷிப்ட் தொழிலாளர்களின் வருமானம் 2019-க்கும் 2022-க்கும் இடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்திருந்தது.

நிறுவனங்கள் வேறு படம் காட்டுகின்றன. 2026 ஜனவரியில் சொமேட்டோவின் தாய் நிறுவனத்தின் அன்றைய தலைவர் தீபிந்தர் கோயல் பொதுவெளியில் சில எண்களை வைத்தார். 2025-இல் சராசரி டெலிவரிக்காரர் ஆண்டுக்கு 38 நாட்கள், வேலை செய்த நாளில் 7 மணி நேரம் மட்டுமே லாகின் செய்திருந்தார். ஒரு மணி நேர வருமானம், டிப்ஸ் தவிர்த்து, 102 ரூபாய். ஆக, பெரும்பாலோருக்கு இது இடைக்கால வேலை என்பது அவர் சொல்ல வந்தது. வருவோரும் விட்டுப்போவோரும் ஏராளமாக உள்ள தொழிலில் இப்படிப்பட்ட சராசரி வருவது இயல்பே. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓடிப்போனவரும், ஆண்டு முழுக்க வண்டியிலேயே இருப்பவரும் அதில் ஒரே எடையில் சேர்கிறார்கள். குடும்பத்தை ஓட்டுவது இரண்டாமவரின் வேலைநாள். சராசரியில் அது கரைந்துவிடுகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் வேலை செய்தால் சுமார் 26,500 ரூபாய் வரும். பெட்ரோல், பராமரிப்புக்கு 20 விழுக்காடு கழித்தால் சுமார் 21,000 ரூபாய் நிற்கும். இந்தக் கணக்கு நிறுவனத்தின் சொந்தக் கணக்கு என்பதால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 10 மணி, 26 நாள் என்றால் மாதம் 260 மணி நேரம். சட்டம் மற்றத் தொழிலாளிக்கு வைத்திருக்கும் 8 மணி வேலைநாள் 26 நாளுக்கு 208 மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த 208 மணி நேரத்துக்கு மட்டும் 102 ரூபாய் வீதம் கணக்கிட்டு, அதே 20 விழுக்காட்டைக் கழித்தால் கையில் நிற்பது 17,000 ரூபாய்க்கும் சற்றுக் கீழே. மீதி 52 மணி நேரம் ஆலைக்குள் நடந்திருந்தால் அது ஓவர்டைம். இரட்டைக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே அது சாதாரண நேரமாகக் கணக்கில் ஏறி, மாத வருமானத்தின் பகுதியாகவே காட்டப்படுகிறது. வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் பள்ளிக் கட்டணமும் கட்டக்கூடிய தொகை 10 மணி நேரத்தில்தான் வருகிறது என்றால், 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் ஏட்டளவில்தான் இருக்கிறது.

நேரம் எங்கே போகிறது

டெலிவரித் தொழிலாளியின் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால், கூலி கிடைக்கும் நேரமும் வேலை செய்யும் நேரமும் வெவ்வேறு என்பது தெரியும். ஆர்டர் விழுந்ததும் உணவகத்துக்குப் போவது ஒரு தூரம். அங்கே உணவு தயாராகும்வரை காத்திருப்பது ஒரு நேரம். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது அடுத்த தூரம். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் வாயிலில் பதிவு செய்து, சில இடங்களில் லிப்ட் மறுக்கப்பட்டு, படியேறி, கதவு திறக்கக் காத்து, அதன் பிறகே ஆர்டர் முடிகிறது. முடிந்த இடம் ஊரின் ஓரமாக இருந்தால், அடுத்த ஆர்டர் விழும் கடைத்தெருவுக்கு வெறும் வண்டியாகத் திரும்பி வர வேண்டும். கூலி பெரும்பாலும் எடுத்த இடத்திலிருந்து கொடுத்த இடம்வரையிலான தூரத்தைச் சார்ந்தது. திரும்பி வரும் பெட்ரோல் தொழிலாளியுடையது. சமையலறையில் ஆர்டர்கள் குவிந்து தாமதமானால் அந்த நேரமும் பெரும்பாலும் அவருடையதே.

இதற்கிடையே ஆர்டரே இல்லாத நேரம் இருக்கிறது. உணவுக்கான தேவை மதியம் 12-லிருந்து 3 வரையிலும், இரவு 7-லிருந்து 11 வரையிலும் குவிகிறது. இந்த இரண்டையும் பிடித்தால்தான் நாள் கூலி தேறும். நடுவே வரும் நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வரலாம் என்பது பக்கத்திலேயே வீடு இருப்பவருக்குத்தான் பொருந்தும். நகரின் புறத்தே அறை எடுத்துத் தங்கியிருப்பவர் மரத்தடியிலோ மேம்பாலத்தின் கீழோ கடைவாசலிலோ வண்டிமேல் உட்கார்ந்திருப்பார். அவர் ஓய்வில் இருப்பதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் கண் திரையிலேயே இருக்கிறது. வேலையில் இருப்பதாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. காலை 11 மணிக்கு ஆரம்பித்து இரவு 11 மணிக்கு முடியும் 12 மணி நேர நாள் இப்படித்தான் உருவாகிறது. யாரும் 12 மணி நேரம் வேலை செய்யச் சொல்லவில்லை. இரண்டு உச்சநேரங்களையும் விடாமல் பிடித்தால் கணக்கு அப்படி வந்துவிடுகிறது.

இன்சென்டிவ் முறை இதை மேலும் இறுக்குகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆர்டர் முடித்தால், குறிப்பிட்ட மணி நேரம் லாகினில் இருந்தால், வார இறுதியில் தவறாமல் வந்தால் கூடுதல் தொகை என்று படிப்படியாக வைத்திருப்பார்கள். அடிப்படைக் கூலி குறைவாக இருப்பதால் இந்தக் கூடுதல் தொகை போனஸாக இல்லாமல் வருமானத்தின் தேவையான பகுதியாகிவிடுகிறது. எல்லைக்கு ஓர் ஆர்டர் குறைந்தாலும் அந்தப் படியின் தொகை முழுவதும் போய்விடும் என்பதால், இரவு பத்தரைக்கு உடம்பு வீட்டுக்குப் போ என்றாலும் கை இன்னொரு ஆர்டரை ஏற்றுக்கொள்கிறது. விதிகளும் நிலையாக இருப்பதில்லை. இந்த வாரம் எட்டிய எல்லை அடுத்த வாரம் உயர்ந்திருக்கும். மாற்றம் செயலியில் அறிவிப்பாக வரும், பேச்சுவார்த்தைக்கு ஆள் இருக்காது.

வண்டிச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் 120 கிலோமீட்டர் ஓடி, வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் என்ற விலையில் பெட்ரோலுக்கே 270 ரூபாய்க்கு அருகில் போகும். ஆயில், டயர், பிரேக், தேய்மானம் தனி. காலையில் லாகின் செய்யும்போதே வண்டி, தவணை, பெட்ரோல் என்று முதலாளிக்குரிய செலவுகள் தொழிலாளியின் தலையில் ஏறியிருக்கின்றன. முதல் இரண்டு மூன்று மணி நேர உழைப்பு அந்தச் செலவை ஈடுகட்டவே சரியாக இருக்கும். வருமானம் என்று சொல்லத் தக்கது அதற்குப் பிந்திய மணிகளில்தான் சேருகிறது.

பீஸ் ரேட் தெரிந்த ஊர்

உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம் அதை நன்றாக அறிந்த ஊர்களில் ஒன்று. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெள்ளைக் களிமண்ணை நம்பி அங்கே செராமிக் தொழிற்பேட்டை உருவானது. மின் ஃபியூஸ் கட்டைகள், கோப்பைகள், அகல் விளக்குகள், பொம்மைகள் என்று சிறு கூடங்களில் தயாராகிச் சூளையேறி வெளியூர் போகின்றன. இத்தகைய சிறுதொழில்களில் அச்சு வார்ப்பதற்கும் விளிம்பு சீவுவதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் பீஸ் ரேட் கொடுப்பது பழகிப்போன வழக்கம். அந்த வேலையிலும் சிரமம் உண்டு, குறைந்த கூலி உண்டு, களிமண் தூசியும் சூளை வெப்பமும் உண்டு.

ஆனாலும் செராமிக் கூடத்துப் பீஸ் ரேட்டுக்கும் ஆர்டர் கூலிக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. அச்சு வார்ப்பவரின் முன்னால் மண் இருக்கிறது, அச்சு இருக்கிறது. கை பழகப் பழக உருப்படி கூடும், உருப்படி கூடினால் கூலி கூடும். காய வேண்டிய நேரம், சூளையின் கொள்ளளவு, வந்த ஆர்டர் ஆகியவை வேலைநாளுக்கு இயல்பான ஒரு முடிவை வைக்கின்றன. டெலிவரித் தொழிலாளி எவ்வளவு திறமைசாலியானாலும் உணவகத்துச் சமையலை வேகப்படுத்த முடியாது, ரயில்வே கேட்டைத் திறக்க முடியாது, ஆர்டரை வரவழைக்க முடியாது. அவர் கையில் இருப்பவை இரண்டுதான்: வண்டியின் வேகம், லாகினில் இருக்கும் நேரம். பீஸ் ரேட் அவரை இந்த இரண்டையும் கூட்டும்படி தள்ளுகிறது. ஒன்று விபத்தில் முடியும், மற்றது களைப்பில் முடியும்.

விருத்தாசலம் போன்ற அளவுள்ள ஊர்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெருநகரத்தைப் போல அடுத்தடுத்து ஆர்டர் விழுவதில்லை. கடைகள் ஒரு சில வீதிகளுக்குள் அடங்கியிருக்க, வீடுகள் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கின்றன. போன தூரத்தைப் போலவே வெறும் வண்டியாகத் திரும்பும் தூரமும் நீள்கிறது. காத்திருக்கும் நேரம் கூடுகிறது. நெரிசல் குறைவு, வாடகை குறைவு என்ற ஆதாயத்தை இது பெருமளவு தின்றுவிடுகிறது.

பீஸ் ரேட்டின் ஆபத்தை இந்தியச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், உருப்படிக்கூலித் தொழிலாளிக்கு உருப்படி விகிதத்தை மட்டும் நிர்ணயித்தால் போதாது, அவர் செலவிட்ட நேரத்துக்கு உத்தரவாதமான ஒரு கூலியும் நிர்ணயிக்கலாம் என்று வழிவகுத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கருத்து தொடர்கிறது. பீடித் தொழிலாளர்களுக்கு 1966-இல் தனிச் சட்டம் வந்தபோது, வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவரையும் அது தொழிலாளியாகவே ஏற்றது. ஆகவே ஆர்டர் கூலிக்கு நேர உத்தரவாதம் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தத்துவம் ஒன்றும் இல்லை. இருக்கும் ஏற்பாட்டை டெலிவரித் தொழிலாளிவரை நீட்டினால் போதும்.

உடம்பு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட கூட்டாய்வு, நீண்ட வேலைநேரத்தின் பாதிப்பை உலக அளவில் கணக்கிட்டது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் அதிகம். 2016-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் இக்காரணத்தால் இறந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 6 நாள் என்றால் 60 மணி நேரம். டெலிவரித் தொழிலின் சாதாரணக் கணக்கே இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இந்தத் தொழிலுக்கென்று உள்ள துன்பங்கள் அதற்கு மேல் வருபவை. மேடுபள்ளச் சாலையில் நாள் முழுதும் ஓடுவதால் இடுப்பும் முதுகுத்தண்டும் தேய்கின்றன. ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோகிறவர் உச்சநேரத்தை விட முடியாமல் மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிடுகிறார். கழிப்பறை கிடையாது, உணவகங்கள் பல தம் கழிப்பறையை டெலிவரிக்காரர்களுக்குத் திறப்பதில்லை. அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த வேலைக்குப் பெண்கள் குறைவாக வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் முக்கியமானது. கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் செய்த மாநிலம் தமிழ்நாடு. நாள் முழுதும் வண்டியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு இறங்கி நிற்க நிழல் தருவது அதன் இயல்பான தொடர்ச்சி.

வெப்பம் தனிக் கவலை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கடற்காற்று எட்டாத உள்மாவட்ட நகரங்களில் அக்னி நட்சத்திர நாட்களின் மதியம் 12-லிருந்து 3 மணி வரை வெளியே வர வேண்டாம் என்று அரசு எச்சரிக்கும். அதே மூன்று மணி நேரம்தான் டெலிவரித் தொழிலின் முதல் உச்சநேரம். வெயிலுக்குப் பயந்து மற்றவர்கள் வீட்டுக்குள் இருப்பதால் அன்று ஆர்டர் கூடும்.

சாலை விபத்து மிகப் பெரிய ஆபத்து. 2022-இல் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில், 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. அந்த ஆண்டு இங்கு இறந்தவர்கள் 17,884 பேர். நாடெங்கும் சாலையில் இறப்பவர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். இறந்தவர் வேலைக்காகப் போனாரா, சொந்த அலுவலாகப் போனாரா என்று இந்தப் புள்ளிவிவரம் பிரிப்பதில்லை. ஆலை விபத்து என்றால் ஆய்வாளர் வருவார், பதிவு இருக்கும்; டெலிவரித் தொழிலாளியின் சாவு சாலை விபத்துக் கணக்கில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஒரு தொழிலில் எத்தனை பேர் வேலையின்போது இறக்கிறார்கள் என்று அரசிடமே கணக்கு இல்லாதவரை அதைச் சீர்செய்யும் பேச்சு காற்றில்தான் நிற்கும். முதலில் செய்ய வேண்டியது இந்தப் பதிவு.

செயலியின் மேற்பார்வை

நேரத்தின் நீளத்தோடு அதன் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் இந்தத் தொழிலை மதிப்பிட முடியும். மேற்பார்வையாளர் என்று ஒருவர் கண்முன் நிற்பதில்லை, ஜி.பி.எஸ். இருப்பிடம், ஏற்காமல் விட்ட ஆர்டர், தாமதம், வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம் ஆகியவை சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ரேட்டிங் குறைந்தால் நல்ல ஆர்டர் குறையும் என்ற அச்சம் எப்போதும் இருக்கிறது. உண்மையில் எது எதைத் தீர்மானிக்கிறது என்பது தொழிலாளிக்கு விளக்கப்படுவதில்லை. சாப்பாடு ஆறிப்போனதற்கும் பொட்டலம் கசிந்ததற்கும் முதலில் பதில் சொல்பவர் கதவருகே நிற்பவரே.

எல்லாவற்றுக்கும் மேலான அச்சம் ‘ஐடி பிளாக்’. புகார் ஒன்றின் பேரிலோ இயந்திரத்தின் முடிவாலோ கணக்கு முடக்கப்பட்டால், அன்றே வருமானம் நிற்கிறது. ஆலைத் தொழிலாளியை நீக்க விளக்கம் கேட்டு நோட்டீஸ், விசாரணை என்று படிகள் உண்டு. இங்கே உதவி எண்ணில் வரும் பதிவுக் குரலோ, சாட் பெட்டியில் வரும் ஆயத்தப் பதிலோதான் விசாரணை. வண்டித் தவணை ஓடிக்கொண்டிருக்க, யாரிடம் போய் முறையிடுவது என்றே தெரியாமல் திரிந்தவர்களின் கதை எல்லா ஊர்த் தொழிலாளர் வாட்ஸ்அப் குழுக்களிலும் உண்டு.

2021-க்குப் பிறகு ‘10 நிமிட’ விநியோகம் வந்து அழுத்தத்தைப் பல மடங்காக்கியது. குரோஃபர்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாறி இந்த வாக்குறுதியோடு வந்தது. ஜெப்டோவும் இன்ஸ்டாமார்ட்டும் அதே ஓட்டத்தில் இறங்கின. குடியிருப்புகளுக்கு அருகிலேயே கிடங்கு வைத்திருப்பதால் தூரம் குறைவு, வேகமாக ஓட்டத் தேவையில்லை, தாமதத்துக்குத் தண்டனையும் இல்லை என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. தூரம் குறைவென்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் தூரம் குறைந்தால் ஆர்டர் கூலியும் குறைகிறது. அதே வருமானத்துக்கு அதிக ஆர்டர் வேண்டும். தண்டனை என்ற பெயரில் எதுவும் இல்லாமலே, எண்ணிக்கையைத் துரத்தும் நிர்ப்பந்தம் வேகத்தை வரவழைத்துவிடும். மேலே சொன்ன 2024 ஆய்வில் டெலிவரித் தொழிலாளர்களில் 86 விழுக்காட்டினர் 10 நிமிட விநியோகத்தை ஏற்கவே முடியாது என்றார்கள்.

வண்டியை நிறுத்திய நாட்கள்

எட்டு மணி நேர வேலைநாள் சென்னைக்கு இரவலாக வந்த கோரிக்கை இல்லை. 1918 ஏப்ரலில் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் இருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளை போதாது என்பதே அன்றைய ஆலைத் தொழிலாளர்களின் முதன்மைக் குறைகளில் ஒன்று. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைநாளுக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்ட மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் மே தினத்தன்று அறிவித்தார். ஆலைக்குள் வர முடியாத அந்த 12 மணி நேரம் அப்போதே ஆலைக்கு வெளியே சாலையில் நடைமுறையில் இருந்தது. அதற்கு மசோதாவே தேவைப்படவில்லை.

டெலிவரித் தொழிலாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தின் நடுவே, சென்னை ஸ்விக்கி ஊழியர்கள் ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து வண்டியை நிறுத்தினார்கள். 2022 செப்டம்பரில் புதிய ஊதிய, நேர விதிகளை எதிர்த்து மீண்டும் சென்னையில் வேலைநிறுத்தம் நடந்தது. 2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஊழியர்கள், ஆர்டர் கூலி 25 ரூபாயிலிருந்து 15 ஆனதற்கு எதிராக நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்யும் இவர்களுக்கு ஆலை வாசல் இல்லை. உணவக வாசலும் வாட்ஸ்அப்பும்தான் சங்கக் கூடம். 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 10 நிமிட விநியோகத்தைக் கைவிட வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களோடு பேசியதை அடுத்து, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து 10 நிமிட வாக்குறுதியை எடுத்தது. விளம்பரம் மாறியது ஒரு வெற்றிதான். ஆர்டர் கூலி மாறவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் வேண்டாம் என்ற சுதந்திரம் உள்ளவர் தொழிலாளியாக முடியுமா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. 1973-இன் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்கள் தினமும் வர வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். வேறு இடத்திலும் தைக்கலாம். ஆனாலும் எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லவும், சரியில்லாததைத் திருப்பித் தரவும் கடைக்காரருக்கு உரிமை இருந்ததால் அவர்கள் பணியாளர்களே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழியைக் காட்டி, விலையை வைத்து, தரத்தை மதிப்பிட்டு, கணக்கை முடக்கும் அதிகாரமும் கொண்ட செயலிக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க நல்ல நியாயம் இருக்கிறது.

நாடாளுமன்றம் வேறு வழியில் போனது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளி, தளத் தொழிலாளி என்ற புதிய வகைகளை வரையறுத்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. இதுவும் மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. காப்பீடு, மருத்துவ உதவி, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வாசல் திறக்கிறது. ஆனால் கிக் தொழிலாளி என்ற சொல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் மட்டும்தான் இருக்கிறது. வேலைநேரத்துக்கு வரம்பு சொல்லும் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும், குறைந்தபட்சக் கூலி சொல்லும் ஊதியத் தொகுப்பிலும் அவருக்கு இடமில்லை. விழுந்தபின் தாங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது, விழவைக்கும் நேரத்தை அளக்கும் ஏற்பாடு வரவில்லை.

மாநிலங்களில் 2023-இல் ராஜஸ்தான் முதல் தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் கர்நாடகம் தொடர்ந்தது. கர்நாடகச் சட்டம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நலக் கட்டணம் வசூலிக்கிறது. முன்னறிவிப்பும் காரணமும் இல்லாமல் ஒருவரை நீக்குவதைத் தடுக்கிறது. தானியங்கி முடிவுகளை விளக்கும் கடமையை நிறுவனத்தின்மீது வைக்கிறது. ஐடி பிளாக் என்ற அச்சத்துக்கு இது நேரடி மருந்து. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தனி நலவாரியத்தை அறிவித்தார். 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அது அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை, பதிவு செய்த 2,000 பேர் மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியமும், விபத்துக் காப்பீடும் அறிவித்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறையைத் திறந்தது: உட்கார இருக்கை, கழிப்பறை, போன் சார்ஜ் செய்ய வசதி. சிறிய காரியம்போல் தோன்றினாலும் இந்தத் தொழிலுக்கு இது பெரிய உதவி. மாவட்ட நகரங்களில் பேருந்து நிலையம் அருகே நகராட்சிகள் இதைச் செய்யச் செலவும் அதிகமில்லை.

நேரத்துக்கு வரம்பு வைத்த இடங்கள்

வேலைநேரத்தை நேரடியாகத் தொட்ட முயற்சிகள் குறைவு. ஒன்று இந்தியாவிலேயே உண்டு. 2020 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டுதல்கள், செயலி வழி டாக்சி ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் லாகினில் இருக்கக் கூடாது, பிறகு 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்றன. பல செயலிகளில் ஓட்டினாலும் மொத்தமாகக் கணக்கிட வேண்டும். பயணியை ஏற்றும் காருக்குச் சொன்ன இந்த விதி, உணவை ஏற்றும் இரு சக்கர வண்டிக்குச் சொல்லப்படவில்லை. சீனாவில் மெய்துவான் போன்ற உணவு விநியோக நிறுவனங்கள் 8 மணி நேரத்தில் எச்சரிக்கையும் 12 மணி நேரத்தில் கட்டாய வெளியேற்றமும் கொண்டுவந்தன.

லாகினைத் துண்டிப்பது மட்டும் போதாது என்பதும் தெளிவு. 12 மணி நேரத்தில் கிடைக்கும் கூலியே போதாதவர் இரண்டாவது செயலிக்கு மாறுவார், அல்லது தம்பியின் ஐடியில் ஓட்டுவார். கூலியைத் தொடாமல் நேரத்தை மட்டும் வெட்டினால் வருமானம்தான் வெட்டப்படும். நியூயார்க் நகரம் எடுத்துக்கொண்டது கூலியைத்தான். 2023 டிசம்பரில் அங்கே உணவு டெலிவரித் தொழிலாளர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்ச ஊதியம் அமலானது. ஆர்டரோடு ஓடும் நேரத்தோடு ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. காத்திருப்புக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றானதும், தேவைக்கு மேல் ஆட்களை வெறுமனே லாகினில் நிறுத்திவைப்பது நிறுவனங்களுக்குச் செலவானது. அவை லாகினைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. அதனால் நேரம் கிடைக்காமல் தவித்த தொழிலாளர்களும் உண்டு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில், ஓட்டுநர் தன் பகுதியில் லாகின் செய்து ஓட்டத் தயாராக இருக்கும் நேரம் முழுதும் வேலைநேரமே என்றது. அதே நீதிமன்றம் 2023-இல் டெலிவரூ என்ற உணவு விநியோக நிறுவனத்தின் டெலிவரிக்காரர்கள், தமக்குப் பதில் ஆள் அனுப்ப முடியும் என்பதால், கூட்டுப் பேர உரிமைக்கு உரியவர்கள் அல்லர் என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தளத் தொழிலாளர் சட்டம் வைப்புநிதியையும் வேலைக்காய இழப்பீட்டையும் உறுதிசெய்தது. நேர வரம்பு அதில் மையமாக இல்லை.

இவற்றை வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. உணவகத்தில் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தால் நிமிடக் கூலி, திரும்பும் தூரத்துக்குக் கட்டணம், லாகினில் இருந்த மணி நேரத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் ஆகிய மூன்றும் ஆர்டர் கூலியோடு சேர்ந்தால், 8 மணி நேரத்தில் வண்டியை நிறுத்த முடிகிற வருமானத்துக்கு அடித்தளம் கிடைக்கும். அதன்மேல் 12 மணி நேர வரம்பு, எல்லாச் செயலிகளையும் சேர்த்து, வைக்கலாம். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு லாகின் செய்தார், எங்கே எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்ற கணக்கு நிறுவனங்களின் கணினியில் நொடி பிசகாமல் இருக்கிறது. ஆலை வருகைப் பதிவேட்டை ஆய்வாளர் கேட்பதுபோல, அந்தப் பதிவை மாதந்தோறும் நலவாரியத்துக்குத் தர வேண்டும் என்று கேட்பதே முதல் படியாக இருக்க முடியும். வாரியம் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறதோ, அந்த 1982-ஆம் ஆண்டுச் சட்டம் உடலுழைப்புத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பையும் பணிநிலைமைகளையும் ஒழுங்குபடுத்துவதற்கென்றே இயற்றப்பட்டது.